பைப் மதிப்பை எங்கே போடுகிறது, லாம்டா எங்கே முடிகிறது? வாசகர் கேள்வி பதில்

இந்த இதழில், சொந்தமாக நிரல் மொழி எழுதிப் பார்க்கும் வாசகர்களின் கேள்விகள். பைப் என்பது இடப்பக்க மதிப்பை வலப்பக்க ஃபங்ஷனுக்குள் அனுப்பும் குறி. பெரும்பாலும் |> என்று எழுதுவார்கள். லாம்டா என்பது பெயர் வைக்காமல் அந்த இடத்திலேயே எழுதும் ஃபங்ஷன். ஆர்க்யுமென்ட் என்பது ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்பு. கீழே வரும் நிரல் வரிகளில் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறோம். குறிகள் அந்தந்த மொழியில் உள்ளபடியே இருக்கின்றன.

கேள்வி: எஃப் ஷார்ப்பில் இருப்பதுபோல் என் மொழியிலும் |> சேர்க்க வேண்டும். இடப்பக்க மதிப்பு முதல் ஆர்க்யுமென்டாகப் போக வேண்டுமா, கடைசியாகவா? இரண்டுக்கும் ஆதரவாகப் பேசுகிறார்கள்.
பொறியியல் மாணவர், சேலம்

பதில்: அதை முடிவு செய்வது பைப் அல்ல. உங்கள் மொழியில் ஃபங்ஷனை அழைக்கும் முறைதான் முடிவு செய்கிறது.

எஃப் ஷார்ப்பில் |> ஒரு சாதாரண ஃபங்ஷன். "அ |> ச" என்றால் "ச அ", அவ்வளவுதான் வரையறை. அங்கே ஆர்க்யுமென்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுக்கலாம். பாதியில் நிறுத்தினால் மீதிக்காகக் காத்திருக்கும் புது ஃபங்ஷன் ஒன்று கிடைக்கும். அதனால் பைப்பில் வரும் மதிப்பு தானாகவே கடைசி இடத்துக்குப் போகிறது. எலிக்ஸிர் மொழியில் அப்படிப் பாதியில் நிறுத்தும் வசதி கிடையாது. அங்கே |> கம்பைல் நேரத்தில், அதாவது நிரல் ஓடும் முன், நிரலை மாற்றி எழுதும் மேக்ரோ:

    பட்டியல் |> வடிகட்டு(விதி)
    வடிகட்டு(பட்டியல், விதி)

மேல் வரி கீழ் வரியாக மாறிவிடும். அதற்கேற்ப அந்த மொழியோடு வரும் ஃபங்ஷன் நூலகம் முழுவதும் தரவை முதல் ஆர்க்யுமென்டாக வாங்குகிறது.

கடைசி இடத்தைத் தேர்ந்தால் ஒரு பொறி காத்திருக்கிறது. எஃப் ஷார்ப்பில் 10 |> (-) 3 என்று எழுதினால் விடை 7 அல்ல, மைனஸ் 7. முதலில் 3 உள்ளே போய்விட்டது, 10 பின்னால் வந்தது, அதனால் 3 - 10. கழித்தல், வகுத்தல், சரத்தை (எழுத்துத் தொடரை) ஒட்டுதல் என வரிசை மாறினால் விடை மாறும் எல்லா ஃபங்ஷனிலும் இதே கதைதான்.

டைப்பை (மதிப்பு எண்ணா, சரமா என்ற வகையை) ஊகிக்கும் கம்பைலர் எழுதுகிறீர்கள் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. எஃப் ஷார்ப் இடமிருந்து வலமாக ஊகிக்கிறது. ஒரு பட்டியலில் உள்ள பெயர்களின் நீளத்தை எடுக்க, ஒவ்வோர் உறுப்பின்மேலும் லாம்டாவை ஓட்டும் மேப் ஃபங்ஷனுக்கு லாம்டாவை முதலிலும் பட்டியலைப் பின்னாலும் கொடுத்தால், லாம்டாவைப் படிக்கும் நேரத்தில் உள்ளே இருப்பது சரமா வேறா என்று கம்பைலருக்குத் தெரியாது. நீளம் என்ற பண்பைத் தொட்டதுமே பிழை சொல்லும். பட்டியலை முன்னால் வைத்துப் பைப் போட்டால் அதே லாம்டா பிழையில்லாமல் கடக்கும். அந்த மொழியில் பைப் இவ்வளவு பரவியதற்கு அழகு மட்டும் காரணமல்ல. ரீஸ்கிரிப்ட் இன்னும் ஒரு படி போய், |> குறியை விட்டு முதல் இடத்தில் மதிப்பை வைக்கும் -> குறிக்கு மாறியது. அங்கும் டைப் ஊகம் ஒரு முக்கியக் காரணம்.

இரண்டும் வேண்டும் என்று குளோஷர் இரண்டு மேக்ரோக்கள் வைத்திருக்கிறது: முதல் இடத்துக்கு ->, கடைசி இடத்துக்கு ->>. ஒரே தொடரில் இரண்டு வகை ஃபங்ஷனும் வந்துவிட்டால் எழுதுபவர் திண்டாடுவார். அதற்காக மூன்றாவதாக இன்னொரு மேக்ரோவும் உண்டு. இதைப் பின்பற்ற வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பாதி ஆர்க்யுமென்ட் கொடுக்கும் வசதி உங்கள் மொழியில் இருந்தால் கடைசி இடம், இல்லையென்றால் முதல் இடம். பார்சரில் (நிரல் வரிகளைப் பிரித்துப் படிக்கும் பகுதியில்) கை வைக்கும் முன் நூலகத்தில் அதிகம் பயன்படப்போகும் இருபது ஃபங்ஷன்களின் ஆர்க்யுமென்ட் வரிசையைத் தாளில் எழுதிப் பாருங்கள். அந்த வரிசை குலைந்திருந்தால் எந்தக் குறியும் காப்பாற்றாது.

கேள்வி: மதிப்பு நடுவில் போக வேண்டியிருந்தால்? "_" போட்டு இடம் காட்டலாமா?
மென்பொருள் பணியாளர், கோயம்புத்தூர்

பதில்: காட்டலாம். ஆனால் அந்த "_" எந்த எல்லைக்குள் செல்லும் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் மட்டும்.

ஆர் மொழி இதில் நிதானமாக நடந்தது. 2014 முதல் அங்கே மேக்ரிட்டர் என்ற தொகுப்பின் %>% குறி புழக்கத்தில் இருந்தது. மொழிக்குள்ளேயே |> வந்தது 2021 மே மாத 4.1.0 பதிப்பில், அப்போது இடம் காட்டும் குறியே கிடையாது. 2022இல் வந்த 4.2.0 பதிப்பு "_" குறியைச் சேர்த்தது. பெயர் சொல்லிக் கொடுக்கும் ஆர்க்யுமென்டில் மட்டும், அதுவும் ஒரே ஒரு முறை மட்டும் என்று கட்டுப்பாடு வைத்தது:

    தரவு |> பொருத்து(உயரம் ~ வயது, மூலம் = _)

கட்டுப்பாடு கடுமையாகத் தெரியும். ஆனால் படிப்பவருக்கு மதிப்பு எங்கே போகிறது என்பதில் துளி சந்தேகமும் வராது. ஒரே முறைதான் என்பதால், இடப்பக்கத்தை இரண்டு முறை கணக்கிடுவதா என்ற கேள்வியும் எழாது. ஆரில் பைப் வெறும் எழுத்து மாற்றம் என்பதால் அந்தக் கேள்வி உண்மையான ஆபத்து.

ஸ்காலாவின் "_" வேறு வகை. அது பைப்புக்கானதல்ல, லாம்டாவைச் சுருக்கி எழுதுவது. அங்கே ச(ட(_)) என்று எழுதினால் முழு வரியும் லாம்டா ஆகாது. உள்ளே இருக்கும் ட(_) மட்டும் லாம்டாவாகி, ச அதை ஆர்க்யுமென்டாக வாங்கும். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரே "_" குறியை லாம்டாவுக்கும் பைப்புக்கும் சேர்த்து வைத்தால் குழப்பம் இரட்டிப்பாகும்.

மூன்றாவது வழி ஹாக் மொழியின் $$. அங்கே வலப்பக்கம் ஃபங்ஷனாக இருக்க வேண்டியதே இல்லை, எந்தக் கோவையும் (ஒரு மதிப்பைத் தரும் எந்த வரித்துண்டும்) வரலாம். $$ இருக்கும் இடத்தில் மதிப்பு உட்காரும். ஜாவாஸ்கிரிப்டுக்கான பைப் முன்மொழிவு 2021இல் இரண்டாம் கட்டத்துக்குப் போனது இந்தப் பாணியில்தான். அவெய்ட் (விடை வரும்வரை காத்திருத்தல்), புதிய ஆப்ஜெக்ட் உருவாக்குதல், கூட்டல் எல்லாவற்றையும் லாம்டா இல்லாமலே எழுதலாம் என்பது இதற்கான வலுவான வாதம். விலை என்னவென்றால், ஒரு ஆர்க்யுமென்ட் மட்டும் உள்ள எளிய அழைப்பிலும் குறியை எழுதியாக வேண்டும். எந்தக் குறி என்பதிலேயே நெடுங்காலம் விவாதம் ஓடியது. நல்ல குறிகள் எல்லாம் ஏற்கெனவே வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கின்றன.

கேள்வி: என் மொழியில் லாம்டாவை "\ம -> ம + 1" என்று எழுதுகிறேன். பைப்புக்குள் வைத்தால் சில நேரம் சரியாக ஓடுகிறது, சில நேரம் தப்பான விடை வருகிறது. பார்சரில் பிழை எதுவும் தெரியவில்லை.
வாசகர், திருநெல்வேலி

பதில்: பார்சர் சொன்னபடி செய்கிறது. லாம்டாவின் உடல் எங்கே முடிகிறது என்று நீங்கள் சொல்லவில்லை, அதனால் அது வரி முடியும்வரை எல்லாவற்றையும் விழுங்குகிறது. இந்தக் கேள்வியை விரிவாகவே பார்க்கலாம், ஏனென்றால் பைப்பும் லாம்டாவும் மோதும் இடம் இதுதான்.

முதலில், சில நேரம் ஏன் சரியாக ஓடுகிறது?

    5 |> \ம -> ம + 1 |> இரட்டி

இதை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். லாம்டா ம + 1 உடன் முடிந்து, விடை இரட்டிக்குப் போகிறது. அல்லது "ம + 1 |> இரட்டி" முழுவதும் லாம்டாவின் உடல். எப்படிப் பிரித்தாலும் 12தான். நேர்கோட்டில் போகும் பைப்பில் விழுங்கினாலும் விடை மாறாது. சோதனைகள் எல்லாம் பச்சை காட்டும். பிழை இத்தனை நாள் ஒளிந்திருப்பதற்கு இதுவே காரணம்.

இப்போது லாம்டா இன்னொரு ஃபங்ஷனின் ஆர்க்யுமென்டாக இருக்கட்டும். அடைப்புக்குறி இல்லாமல் அழைக்கும் மொழியில்:

    [1, 2, 3] |> ஒவ்வொன்றும் \ம -> ம + 1 |> கூட்டு

எழுதியவர் எதிர்பார்த்தது 2, 3, 4 கூடி 9. பார்சர் படித்தது வேறு: ஒவ்வோர் உறுப்பிலும் ஒன்றைக் கூட்டி, அந்தத் தனி எண்ணைக் கூட்டு ஃபங்ஷனுக்கு அனுப்பு. டைப் சரிபார்க்கும் மொழியென்றால் பிழை வரும், தப்பித்தீர்கள். தனி எண்ணையும் ஒற்றை உறுப்புள்ள தொகுப்பாக ஏற்கும் மொழியென்றால் 2, 3, 4 என்ற பட்டியல் சத்தமில்லாமல் வெளியே வரும்.

இதைவிட மோசமானது கிளை பிரியும் லாம்டா. ஓகேமலில் கிளைகள் உள்ள பெயரில்லா ஃபங்ஷனை அடைப்புக்குறி இல்லாமல் எழுதி, கடைசிக் கிளைக்குப் பின் |> போட்டால், அந்தப் பைப் கடைசிக் கிளைக்கு மட்டும் சொந்தமாகிவிடும். முதல் கிளையில் போகும் மதிப்பு அடுத்த படியைத் தொடாமலே வெளியேறும். இரண்டு கிளையும் ஒரே டைப்பைத் தந்தால் கம்பைலரும் வாய் திறக்காது.

தீர்வு மூன்று. எலிக்ஸிர் லாம்டாவை ஒரு சொல்லில் திறந்து எண்ட் என்ற சொல்லில் மூடுகிறது. எல்லை கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் சின்ன லாம்டாவுக்கு அது நீளம். இரண்டாவது, பைப்பின் வலப்பக்கம் வரும் லாம்டாவுக்கு அடைப்புக்குறி கட்டாயம் என்பது. 2025 நவம்பரில் வந்த பிஎச்பி 8.5 தன் புதிய |> குறிக்கு இந்த விதியைத்தான் வைத்தது. மூன்றாவது பலருக்கும் முதலில் தோன்றுவது: பைப்புக்குப் பின் வரும் லாம்டாவின் உடலை அடுத்த |> வரும்போது நிறுத்திவிடும்படி பார்சரைத் திருத்துவது. இதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு குறிக்கும் ஒரு வலிமை எண் தந்து, வலுவானதை முதலில் சேர்க்கும் பிராட் பார்சரில் |> குறியின் வலிமை 50, == குறியின் வலிமை 40 என்று வையுங்கள். உடலை 51 என்ற எல்லையோடு படித்தால் அடுத்த |> வந்ததும் நிற்கும், சரி. ஆனால் == வந்தாலும் நின்றுவிடும்:

    மதிப்பு |> \ம -> ம == 1

இது "(மதிப்பு |> \ம -> ம) == 1" என்று பிரியும். ஒன்றைக் கட்டினால் இன்னொன்று அவிழ்கிறது. அடைப்புக்குறியைக் கட்டாயமாக்குங்கள். விட்டுப்போனால் "லாம்டாவை அடைப்புக்குறிக்குள் வையுங்கள்" என்று இடம் சுட்டிச் சொல்லுங்கள். இரண்டு எழுத்து கூடுவது பெரிய செலவல்ல.

ஆரில் அதுகூடப் போதாது. அங்கே வலப்பக்கம் ஓர் அழைப்பாகவே இருக்க வேண்டும். லாம்டாவை அடைப்புக்குறியில் வைத்து, பின்னால் வெற்று அடைப்புக்குறி ஒன்றையும் போட வேண்டும்:

    5 |> (\(ம) ம + 1)()

அந்தக் கடைசி () பலருக்கும் புரியாத புள்ளியாகவே இருக்கிறது. எலிக்ஸிரிலும் இதே போன்ற உறுத்தல் இருந்தது. 2021இல் 1.12 பதிப்பு "தென்" என்ற ஃபங்ஷனைத் தந்து அதைத் தீர்த்தது: மதிப்பையும் லாம்டாவையும் வாங்கி, லாம்டாவை மதிப்பின்மேல் ஓட்டும், அவ்வளவே. புதுக் குறி எதுவும் இல்லாமல் ஒரு சின்ன ஃபங்ஷனில் முடிந்த வேலை.

கேள்வி: |> குறிக்குக் கூட்டலைவிட அதிக முன்னுரிமை கொடுப்பதா, குறைவாகக் கொடுப்பதா?
முதுகலை மாணவி, மதுரை

பதில்: குறைவாக. ஓர் எடுத்துக்காட்டே போதும்:

    9 + 16 |> வர்க்கமூலம்()

எலிக்ஸிரில் இது 5. முதலில் கூட்டல், பிறகு 25இன் வர்க்கமூலம். ஆரில் இதே வரி 13. ஏனென்றால் அங்கே |> குறிக்குப் பழைய %>% குறியின் முன்னுரிமையே கிடைத்தது. அது கூட்டல், பெருக்கல் இரண்டையும் விட வலுவானது. 16 மட்டும் உள்ளே போய் 4 ஆகி, 9 உடன் கூடுகிறது. பிழைச்செய்தி எதுவும் வராது.

ஒப்பீட்டுக் குறிகளோடு உறவு என்ன என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். எஃப் ஷார்ப்பில் |> குறியும் = குறியும் ஒரே படியில் நிற்கின்றன, இடமிருந்து வலமாகச் சேர்கின்றன. "அ = ஆ |> ச" என்று எழுதினால் ஒப்பீடு முதலில் நடந்து, அதன் உண்மை அல்லது பொய்தான் ச ஃபங்ஷனுக்குப் போகும். எங்கள் பரிந்துரை: பெருக்கல் 70, கூட்டல் 60, பைப் 50, ஒப்பீடு 40, "மற்றும்" 30, "அல்லது" 20. இடமிருந்து வலச் சேர்க்கை.

கேள்வி: யூனிக்ஸ் ஷெல்லின் | குறியும் இந்த |> குறியும் ஒன்றுதானா?
வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: தோற்றம் ஒன்று, வேலை வேறு. ஷெல்லில் இரண்டு புரோகிராம்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. நடுவில் பைட்டுகள் ஒழுகுகின்றன. |> போட்டால் சாதாரணமாக ஒரு ஃபங்ஷன் முழுவதும் முடிந்து, அதன் விடை அடுத்ததற்குப் போகிறது. ஒரு கோடி உறுப்புள்ள பட்டியலை மூன்று படி கடத்தினால் நடுவில் இரண்டு முழுப் பட்டியல்கள் நினைவகத்தில் உருவாகும். வேண்டாமென்றால் கேட்கும்போது மட்டும் உறுப்பைக் கணக்கிடும் சோம்பேறிப் பட்டியல் வகையைத் தனியாகத் தர வேண்டும்.

மொழி வடிவமைப்பவர் அறிய வேண்டிய ஒரு செய்தி ஷெல்லின் வரலாற்றில் உண்டு. டக் மெக்கில்ராய் பல ஆண்டுகள் வலியுறுத்திவந்த இந்த யோசனையைக் கென் தாம்சன் 1973இல் யூனிக்ஸில் செய்தார். முதல் வடிவத்தில் பைப்புக்குத் தனிக் குறி கிடையாது. கோப்புக்குத் திருப்பிவிடும் > குறியையே இதற்கும் பயன்படுத்தினார்கள். வலப்பக்கம் இருப்பது கோப்பா, புரோகிராமா என்ற குழப்பம் வந்தது. சீக்கிரமே தனிக் குறி கொடுத்தார்கள்.

கேள்வி: லாம்டாவுக்கு எந்தக் குறி நல்லது? =>, ->, \, அல்லது ரஸ்டின் |ம| போல?
வாசகர், திருச்சி

பதில்: முன்னால் வரும் குறி பார்சருக்கும் படிப்பவருக்கும் எளிது. \ வந்ததுமே "இது லாம்டா" என்று இருவருக்கும் தெரிந்துவிடும். "(அ, ஆ) => அ + ஆ" என்பதில் => வரும்வரை (அ, ஆ) என்பது ஆர்க்யுமென்டா வெறும் கோவையா என்று தெரியாது. ஜாவாஸ்கிரிப்டின் இலக்கணத்தில் இதற்காகவே இரண்டுக்கும் பொதுவான ஒரு விதியை வைத்து, பிறகு திரும்பிப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அதே மொழியில் => குறிக்குப் பின் { வந்தால் அது உடல்; ஆப்ஜெக்ட்டைத் திருப்ப வேண்டுமென்றால் இன்னோர் அடைப்புக்குறி வேண்டும். |ம| அழகானது, ஆனால் |> உள்ள மொழியில் வேண்டாம். ஒரே வரியில் நான்கு செங்குத்துக் கோடுகள் நின்றால் கண் தடுமாறும். ஆர்க்யுமென்ட் இல்லாத லாம்டா || ஆகி, "அல்லது" போலவும் தெரியும்.

கேள்வி: லாம்டாவின் ஆர்க்யுமென்டுக்குப் பெயரே வைக்காமல் கோட்லின் மொழியின் "இட்" போல ஒரு சொல் கொடுத்துவிட்டால்?
அதே வாசகர்

பதில்: ஒரு மட்டத்துக்கு நல்லது. ரூபி 2.7 "_1" என்று கொடுத்தது, 3.4 "இட்" என்ற சொல்லையே ஏற்றது. ஸ்விஃப்டில் $0. சிக்கல் லாம்டாவுக்குள் லாம்டா வரும்போது: $0 உள்ளே இருப்பதைக் குறிக்கும், வெளியே இருப்பதைத் தொட முடியாது. கோட்லினிலும் உள் "இட்" வெளியே இருப்பதை மறைக்கும். குளோஷரின் % குறியும் எலிக்ஸிரின் &1 குறியும் இதைத் தெளிவாகக் கையாள்கின்றன: சுருக்க வடிவத்துக்குள் இன்னொரு சுருக்க வடிவம் வந்தால் கம்பைலரே பிழை சொல்லிவிடும். அந்தத் தடையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் மட்டம் வந்தால் பெயர் வைத்தே ஆக வேண்டும்.

கேள்வி: |> குறியை வரியின் முடிவில் வைப்பதா, அடுத்த வரியின் தொடக்கத்திலா?
வாசகர், சென்னை

பதில்: தொடக்கத்தில். பார்சரில் இதற்கு ஒரே ஒரு விதி: புதிய வரி வந்ததும், இடைவெளியையும் குறிப்புரைகளையும் தாண்டி அடுத்த டோக்கனை (சொல்லை அல்லது குறியை) பாருங்கள், அது |> என்றால் புதிய வரி டோக்கனை எறிந்துவிடுங்கள். குறிப்புரைகளைத் தாண்ட மறந்தால், நடுவில் ஒரு படியைக் குறிப்புரையாக்கிய உடனே தொடர் அறுந்துபோகும்.

ஆரில் இது முடியாது. வரி முழுமையாக இருந்தால் அங்கேயே முடிந்ததாகக் கொள்ளும். எனவே |> வரியின் முடிவில் நிற்க வேண்டும். அதன் விளைவைப் பாருங்கள்:

    தரவு |> வடிகட்டு() |>
    # வரிசைப்படுத்து()
    அச்சிடு(மொத்தம்)

கடைசிப் படியைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தவருக்குப் பிழைச்செய்தி வராது. தொங்கி நிற்கும் |> அடுத்த கூற்றைப் பிடித்துக்கொள்ளும். அச்சிடு ஃபங்ஷனுக்கு முதல் ஆர்க்யுமென்டாக வடிகட்டிய தரவு போய்ச் சேரும்.

தொடக்கத்தில் வைப்பதிலும் ஒரு தொல்லை உண்டு: ஊடாடு முனையத்தில் முதல் வரியை அடித்ததுமே அது ஓடிவிடும். எலிக்ஸிரின் முனையம் 1.12 முதல், |> குறியில் தொடங்கும் வரி வந்தால் முந்தைய விடையை எடுத்து அதற்குள் அனுப்புகிறது. உங்கள் முனையத்திலும் இதைச் சில வரிகளில் செய்துவிடலாம்.

கேள்வி: பைப்பை நேரடியாகச் சாதாரண அழைப்பாக மாற்றிவிட்டேன். ஓடுகிறது. ஆனால் பிழைச்செய்திகள் படிப்பவரைக் குழப்புகின்றன.
வாசகர், கொழும்பு

பதில்: மாற்றியது சரி, மாற்றிய நேரம்தான் சரியில்லை. பார்சரிலேயே மாற்றினால் பிறகு வரும் கட்டங்களுக்கு அங்கே பைப் இருந்ததே தெரியாது. பயனர் எழுதியது "வடிகட்டு(விதி, 35)", இரண்டு ஆர்க்யுமென்ட். கம்பைலர் சொல்வது "மூன்று கொடுத்திருக்கிறீர்கள், இரண்டுதான் வேண்டும்". அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துக் குழம்புவார். டைப் சரிபார்ப்பு முடியும்வரை பார்சர் கட்டும் மரத்தில் பைப்பைத் தனி முனையாகவே வைத்திருங்கள். "பைப்பிலிருந்து ஒன்று, நீங்கள் எழுதியது இரண்டு, ஆக மூன்று" என்று அப்போதுதான் சொல்ல முடியும். ஒவ்வொரு படியின் வரி எண்ணும் நெடுவரிசை எண்ணும் தனியாகப் பதிவாக வேண்டும். தொடர் முழுவதற்கும் முதல் வரியின் எண்ணையே கொடுத்தால் ஓட்ட நேரப் பிழை எப்போதும் முதல் வரியையே காட்டும்.

படிப்படியாகப் பார்க்கும் வசதியும் கொடுங்கள். எலிக்ஸிர் 1.14இல் தொடரின் முடிவில் டிபிஜி என்று சேர்த்தால் ஒவ்வொரு படிக்கும் பின் கிடைத்த மதிப்பு அச்சாகும். எஃப் ஷார்ப் 6 பைப்பின் ஒவ்வொரு படியிலும் டிபக்கர் நின்று செல்ல வழி செய்தது. பைப் எழுதும்போது நடு மதிப்புகளுக்குப் பெயர் இல்லாமல் போகிறது. அந்த இழப்பை ஈடுசெய்வது மொழியைச் செய்பவரின் பொறுப்பு.

கேள்வி: பைத்தானில் லாம்டா ஏன் ஒரே கோவையோடு நின்றுவிடுகிறது?
பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: பைத்தானில் கூற்றுகளின் எல்லையை உள்தள்ளல் (வரித் தொடக்கத்து இடைவெளி) காட்டுகிறது. ஆனால் அடைப்புக்குறிக்குள் புகுந்ததும், நிரலை டோக்கன்களாகப் பிரிக்கும் லெக்சர் புதிய வரியையும் உள்தள்ளலையும் கண்டுகொள்வதில்லை. லாம்டா பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள்தான் வரும். அங்கே பல வரிக் கூற்றுகளை எழுத இடமே இல்லை. உங்கள் மொழியும் உள்தள்ளலை நம்பியது என்றால் இதே சுவரில் முட்டுவீர்கள்; லாம்டாவுக்கு மட்டுமாவது திறப்பு, மூடல் சொற்களைக் கொடுங்கள்.

கேள்வி: தமிழ்ச் சொற்களைக் கொண்ட மொழி ஒன்றை வடிவமைக்கிறோம். பைப் தமிழுக்குப் பொருந்துமா? வேறென்ன கவனிக்க வேண்டும்?
கல்லூரிக் குழு, ஈரோடு

பதில்: வேறெந்த அமைப்பையும் விட நன்றாகப் பொருந்தும். "பட்டியலை வடிகட்டி, வரிசைப்படுத்தி, முதல் பத்தை எடு" என்றுதான் நாம் சொல்வோம். செயப்படுபொருள் முதலில், வினையெச்சங்கள் வரிசையாக, முற்று கடைசியில். "எடு(வரிசைப்படுத்து(வடிகட்டு(பட்டியல்)), 10)" என்பது இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. பைப் அதை நிமிர்த்துகிறது:

    பட்டியல்
    |> வடிகட்டு(\ம -> ம >= 35)
    |> வரிசைப்படுத்து()
    |> எடு(10)

முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் நிபந்தனை முன்னால் வந்து, "ஆனால்" என்ற சொல் அதற்குப் பின்னால் வருகிறது. வாக்கிய ஓட்டத்தை மதிக்கும் அதே எண்ணம்தான் அது.

ஆனால் நடுப் படிகளுக்கு "வடிகட்டி" என்றும் கடைசிப் படிக்கு "எடு" என்றும் இரண்டு வடிவம் வைக்க ஆசை வரும். வேண்டாம். படிகளை இடம் மாற்றும்போதெல்லாம் சொல்லின் ஈற்றையும் மாற்ற நேரிடும். ஏவல் வடிவம் ஒன்று போதும்.

லெக்சரில் மூன்று இடங்களைப் பாருங்கள். புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் யூனிகோடில் எழுத்து வகையில் சேராமல் இணைப்புக் குறி வகையில் உள்ளன. "எழுத்தா" என்று மட்டும் சோதித்தால் "பட்டியல்" என்ற பெயர் இரண்டாம் எழுத்திலேயே உடையும். கோ மொழியில் அப்படி ஒரு மாறிக்குப் பெயர் வைக்க முடியாததற்கு இதுவே காரணம். பைத்தான் 3 இணைப்புக் குறிகளையும் ஏற்பதால் அங்கே முடிகிறது. இரண்டாவது, கொ என்பதிலுள்ள குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் ஒன்றாகவே தெரியும், ஒப்பிட்டால் வேறு வேறு. பெயர்களை அட்டவணையில் சேர்க்கும் முன் யூனிகோடு இயல்பாக்கம் செய்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மூன்றாவது, தமிழ் எழுத்துகள் ஒரே அகலத்தில் நிற்பதில்லை. வரியின் நடுவில் இருக்கும் ஒரு சொல்லுக்கு நேர்கீழே அடுத்த வரி தொடங்க வேண்டும் என்ற ஹாஸ்கெல் பாணி விதியை வைக்காதீர்கள். வரித் தொடக்கத்து இடைவெளியை மட்டும் எண்ணுங்கள்.

குறிகளைத் தேர்ந்தெடுக்கும்போது விசைப்பலகையையும் எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்99 அமைப்பில் சதுர அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு ஆகிய விசைகளில் ச, ஞ, ந, ய, ழ எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. அந்தக் குறிகள் வழக்கமான விசைகளில் கிடைக்காது. பட்டியலுக்குச் சதுர அடைப்புக்குறியும் கூற்று முடிவுக்கு அரைப்புள்ளியும் வைத்தால் ஒவ்வொரு வரியிலும் அவற்றைத் தேட நேரும். வட்ட அடைப்புக்குறி, |, >, -, \ ஆகியவற்றுக்கு அந்தத் தொல்லை இல்லை.